டோரீன் காரில் இருந்த மாத்திரைகள்

பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு டோரீன் வீடு திரும்பும்போது, பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரர் காரை நிறுத்தினார். இன்ஷூரன்ஸ் சீட்டை எடுக்க டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். பெயர்ச்சீட்டு ஒட்டாத ஒரு புட்டி உருண்டு அவள் மடியில் விழுந்தது. உள்ளே கடுமையான வலி மாத்திரைகள். டாக்டர் எழுதித் தராமல் அவற்றை வைத்திருப்பதே அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் குற்றம். கையில் விலங்கு ஏறியது.

புட்டி யாருடையது என்று டோரீனுக்குத் தெரியும். அக்கா மாவிஸின் கணவன் வெஸ்லி, தன் வண்டி பட்டறையில் கிடந்தபோது இவள் காரைத்தான் ஓட்டினான். பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளன். ஊரே தோளில் தட்டும் ஆள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் நிறுத்தச் சொன்ன மாத்திரையை அவன் நிறுத்தவில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை.

ஜாமீனில் வந்த டோரீனுக்கு வக்கீல் கிரெட்டாவை அமர்த்தியதும் வெஸ்லிதான். மாவிஸையும் கூட்டிக்கொண்டு, டோனட் பெட்டியோடு கிரெட்டாவின் அலுவலகத்துக்கு வந்து டோரீன் எதிரில் உட்கார்ந்தான்.

"ஒத்துக்கிட்டா ஜெயில் இல்லயாம், கொஞ்ச நாள் கண்காணிப்போட போயிடுமாம். ஒத்துக்க, டோரீன். எனக்கு ஊர்ல ஒரு பேரு இருக்கு. நீ ஓட்டல்ல தட்டு தூக்குறவ. உனக்கு என்ன போயிடப் போகுது?" என்று சொல்லிவிட்டு விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினான்.

டோரீன் டோனட் பெட்டியை அவன் பக்கமாகவே தள்ளிவிட்டாள்.

கிரெட்டா எழுந்து கதவைத் திறந்தாள். "ஃபீஸ் நீங்க கட்டியிருக்கலாம். ஆனா நான் இவங்களுக்குத்தான் வக்கீல். ரெண்டு பேரும் வெளிய போங்க. கார்ல இருந்துச்சுங்கறதுக்காக அது இவங்களோடதுன்னு ஆயிடாது. அது அங்க இருக்கறது இவங்களுக்குத் தெரியும்னு அரசாங்கம் நிரூபிக்கணும்."

வெஸ்லி சிரித்தான். "குடும்ப விஷயத்த நாங்க பாத்துக்கறோம்."

டோரீன் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா, மாவிஸ்? எனக்குப் போக ஒண்ணும் இல்லன்னு?"

மாவிஸ் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அடுத்த டோனட்டை எடுத்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் புட்டி இவரோடது. எந்த நீதிபதிகிட்ட வேணா சொல்றேன்," என்றாள் மாவிஸ்.

"வாய மூடு, மாவிஸ்."

"இத்தன வருஷம் மூடித்தான வச்சிருந்தேன்."

மாவிஸ் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தாள். டோரீன் மீதான வழக்கை அரசுத் தரப்பே திரும்பப் பெற்றது. வெஸ்லியின் வேலை போனது; நீதிமன்றம் அவனைப் போதை சிகிச்சைக்கு அனுப்பியது. டோரீனிடம் அவன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் பெயரைக் கேட்டாலே அவளுக்கு இன்றும் முகம் சுளிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஒருத்தி மாவிஸை மறித்தாள். "கட்டின புருஷன இப்படியா காட்டிக் குடுப்பாங்க?"

"அவர் பேரக் காப்பாத்துறோம்னு நெனச்சு அவரோட போதையத்தான் நாங்க காப்பாத்திட்டு இருந்தோம்," என்றாள் மாவிஸ். "குத்தம் செஞ்சவனுக்கும் வக்கீல் வைக்கலாம், தப்பில்ல. ஆனா அவனுக்குப் பதிலா செய்யாதவளப் பிடிச்சுக் குடுக்கறது பாசம் இல்ல. அது அசிங்கம்."