பல் செட் வரும்வரை சூப்

அச்சகத்தில் புரூஃப் பார்த்தே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்று வந்த பிறகும் கண் சும்மா இருக்கவில்லை. மகள் வீட்டு லிஃப்ட்டில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஒற்றுப்பிழை இருந்தால் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் இறங்குவார். மனிதர்களிடமும் அப்படித்தான். எதிர்வீட்டுக்காரர் அரைவேக்காடு, மேல்வீட்டம்மா வாயாடி, பல் டாக்டர் பாதி படித்தவன் என்று ஆளுக்கொரு கோடு கிழித்து வைத்திருந்தார். எல்லாரையும்விடத் தடிமனான கோடு மருமகனுக்கு.

மருமகன் மெத்தைக் கடையில் விற்பனையாளர். கடைக்கு வருகிறவர்களைப் படுக்கச் சொல்லி, புரளச் சொல்லி, தானும் பக்கத்து மெத்தையில் படுத்துக் காட்டி விற்கிற வேலை. "நின்னு சம்பாதிக்கிறவனைப் பார்த்திருக்கேன், உக்காந்து சம்பாதிக்கிறவனையும் பார்த்திருக்கேன். படுத்துச் சம்பாதிக்கிறவரு எங்க மாப்பிள்ளை ஒருத்தருதான்" என்று போனில் பழைய சகாக்களிடம் சொல்வார். மருமகனை ஒருநாளும் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. 'மாப்பிள்ளை' என்ற சொல்லை மரியாதை குறையாமல் அவர் உச்சரிக்கிற விதத்துக்கு 'நீ' எவ்வளவோ தேவலாம்.

அந்த வருஷம் புரூஃப்காரருக்கு மிச்சமிருந்த பற்களையும் பிடுங்கிவிட்டார்கள். ஈறு ஆறின பிறகுதான் பல் செட் கட்ட முடியும், அதுவரை மென்று தின்கிற எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மற்ற நாள்களில் எதையாவது குழைத்து வைத்துவிட்டுப் போவாள். ஞாயிறு முழுக்க அவளுக்கு டியூட்டி. மருமகனுக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் கடை. ஆக, ஞாயிற்றுக்கிழமை மாமனார் வயிறு மாப்பிள்ளை கையில் வந்து விழுந்தது.

"வாரம் ஒரு சூப், மாமா. ஒரு தடவை வெச்சதை மறுபடி வெக்க மாட்டேன்" என்று அவர் உற்சாகமாக அறிவித்தார்.

"ஒரு தடவை குடிச்சவன் மறுபடி கேக்க மாட்டான்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு, மாப்பிள்ளை."

பல் போனதில் 'ச'வும் 'த'வும் காற்றாகத்தான் வெளியே வந்தன. நக்கலுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

முதல் வாரம் பூசணி. புரூஃப்காரர் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இது வயித்துக்கு ஊத்துறதா, சுவத்துக்கு அடிக்கிறதா?" அடுத்த வாரம் பட்டாணி. "குளத்துல பாசி வார ஆள் கிடைக்காம நீங்களே எறங்கிட்டீங்களா?" அதற்கடுத்தது காளான். "மழையில நனைஞ்ச செருப்பைக் காயப் போட்டிருந்தேன். காணோமேன்னு பார்த்தேன்."

மருமகன் கரண்டியோடு நின்று அத்தனையையும் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்ததும், "உப்பு கம்மியா மாமா, இல்ல கெட்டியா போச்சா?" என்பார், கடையில் வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே குரலில். ஒருநாள் விளக்கமும் சொன்னார். "நல்லா இருக்குன்னு சொல்றவங்க அப்படியே வெளிய போயிருவாங்க மாமா. குத்துது, அமுங்குதுன்னு குறை சொல்றவங்கதான் கடைசில வாங்குவாங்க."

சூடு சுரணை இல்லாத ஜென்மம் என்று புரூஃப்காரர் நினைத்துக்கொண்டார். திட்டினால் முகம் சுருங்க வேண்டாமா? ஒரு பதில் வர வேண்டாமா? தலையணையைக் குத்துகிற மாதிரி, கை போகும், வலி மட்டும் போய்ச் சேராது. ஆனாலும் கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை. பசிக்கிறது, என்ன செய்ய என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். வியாழக்கிழமை வந்தால் போதும், அடுத்த வாரத்துக்கான வசையை மனசுக்குள் எழுதி, அடித்து, மாற்றி எழுத ஆரம்பித்துவிடுவார்.

இப்படி இருக்கையில் மெத்தைக் கடையின் வட்டார மேனேஜர் ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட வருவதாக ஆயிற்று. கடைப் பொறுப்பாளர் இடம் காலியாகப் போகிறது. அது மாப்பிள்ளைக்குக் கிடைக்கலாம் என்று பேச்சு. மகள் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலேயே அப்பாவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அப்பா, இன்னிக்கு ஒருநாள் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

"நான் என்ன பேசப் போறேன்?"

"அதான் பயமா இருக்கு."

மேனேஜர் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய சென்ட் வாசனை வந்தது. இறுக்கமான சட்டை, பெரிய கடிகாரம், எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கிற கை. மேசையைத் தட்டினார், ஜன்னலைத் தட்டினார், மாப்பிள்ளை முதுகையும் தட்டினார். அன்றைக்கு பீட்ரூட் சூப். இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு "பிரமாதம்!" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

பொய்யன் என்று புரூஃப்காரர் ஒரு கோடு கிழித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை வாரமாக அவர் பாடுபட்டு எழுதியதற்கெல்லாம் மாப்பிள்ளை ஒருத்தர்தான் வாசகர். இப்போது புதிதாக ஒரு காது வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறது. நாக்கு அரித்தது.

"கொலை நடந்த எடத்தைக் கழுவி விட்ட தண்ணி மாதிரி இல்ல, சார்?"

மேனேஜருக்குப் புரையேறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "இன்னொரு தடவை சொல்லுங்க!" என்றார். புரூஃப்காரர் நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை சொன்னார். பிறகு பூசணி, பாசி, செருப்பு என்று பழையது ஒன்று விடாமல் வரிசையாக எடுத்து வைத்தார். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தபடி கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மகள் சிரிக்கவில்லை. அன்று இரவு சாப்பாட்டைக் கிண்ணம் அதிர அப்பா முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து ஈறு எப்படி ஆறியிருக்கிறது என்று புரூஃப்காரர் டாக்டரிடம் காட்டப் போனார். திரும்புகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடினால் எதிரே மெத்தைக் கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மெத்தைகள் அடுக்கியிருந்த ஓரத்தில் நின்றார்.

மேனேஜர் அன்று கடையில் இருந்தார். "யோவ் பாசி! அந்தக் கவரை எடுத்துட்டு வா" என்று கத்தினார். கவரை எடுத்துக்கொண்டு ஓடியவர் மாப்பிள்ளை.

மெத்தையில் கால் நீட்டியிருந்த ஒரு அம்மாவிடம் மேனேஜர் சொன்னார்: "இவர்கிட்ட தைரியமா மெத்தை வாங்கலாம்மா, சூப் மட்டும் வாங்கிராதீங்க. செருப்பை ஊற வெச்சு சூப் போடுறவரு." கல்லாவில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மூட்டை தூக்குகிறவர்கூடச் சிரித்தார்.

மாப்பிள்ளையும் சிரித்தார். வீட்டில் சிரிக்கிற அதே சிரிப்பு. வீட்டில் கிண்ணத்துக்கு மேலே குனிந்தபடி அதைப் பார்த்தபோது அசட்டுச் சிரிப்பு என்று தோன்றியது. இங்கே தள்ளி நின்று பார்க்கையில் கழுத்து நரம்பு தெரிந்தது, கவரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தது தெரிந்தது.

புரூஃப்காரருக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. நேரே போய் மேனேஜர் முன்னால் நின்றார்.

"அது என் பேச்சு. கிண்ணத்தை வழிச்சுக் குடிச்சவன் பேசுன பேச்சு. ரெண்டு ஸ்பூனை நக்கிட்டு பிரமாதம்னு புளுகின உனக்கு அதைச் சொல்ல என்ன யோக்கியதை இருக்கு? எங்க மாப்பிள்ளையைச் சொல்ல நான் இருக்கேன். நீ யாருடா?"

மனசுக்குள் வாக்கியங்கள் அச்சுக் கோத்த மாதிரி நின்றன. வாய்க்கு வரும்போது கோபத்தில் நாக்கு குழறி, ஈறில் இடறி, பாதிக்கு மேல் எச்சிலும் காற்றுமாகத் தெறித்தன.

"தாத்தா என்னய்யா சொல்றாரு?" என்று மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாராச்சும் பல்லு வெச்சிருக்கறவங்க வந்து சொல்லுங்கப்பா."

கடையே சிரித்தது.

மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். மழை விட்டிருந்தது. நடைபாதையில் நிறுத்தியதும்தான் அவர் குரல் மாறியது.

"போதும் மாமா. வீட்ல பேசுனீங்க, பொறுத்துக்கிட்டேன். வந்தவர் முன்னாடி பேசுனீங்க, சிரிச்சு மழுப்பினேன். இப்ப கடைக்கே வந்துட்டீங்க. சோறு போடுற எடம் இது. ஒருநாளாவது நீங்க அடுப்புல ஒரு பாத்திரத்தை வெச்சிருக்கீங்களா? அடுத்தவன் செஞ்சதுல தப்புக் கண்டுபிடிச்சே காலத்தை ஓட்டிட்டீங்க."

ஆட்டோ ஒன்றை நிறுத்தி ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிறு சூப் இல்லை. மேசையில் பாலும் ரொட்டியும் மூடி வைத்திருந்தது. மாப்பிள்ளை காலையிலேயே கடைக்குப் போயிருந்தார். ரொட்டியைப் பாலில் ஊற வைத்துத் தின்றார் புரூஃப்காரர். குறை சொல்லவும் அதில் ஒன்றும் இல்லை, சொன்னால் கேட்கவும் ஆள் இல்லை. ரொட்டி தொண்டையில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

அடுத்த ஞாயிறும் அதே பால், அதே ரொட்டி. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு அவர் சமையலறைக்குள் போனார். சூப் வைப்பது பச்சைக் குழந்தையும் செய்கிற வேலை, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்ற நினைப்புதான். கேரட்டைச் சீவும்போதே கட்டை விரலைச் சீவிக்கொண்டார். மிளகுத் தூள் டப்பாவின் மூடி கழன்று பாதித் தூள் கொதிக்கிற பாத்திரத்துக்குள் விழுந்தது. அதை அள்ளி எடுப்பதற்குள் அடி பிடித்துக் கருகியது. மூக்கைத் துளைக்கிற புகையோடு ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை சீக்கிரமே வீடு திரும்பிவிட்டார்.

அவர் பாத்திரத்தைப் பார்த்தார், கட்டை விரல் துணிக்கட்டைப் பார்த்தார். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். புரூஃப்காரர் எதிரே நின்றுகொண்டிருந்தார். நிற்கிறோம் என்பதே அவருக்குக் கால் வலித்தபோதுதான் தெரிந்தது.

"நல்லா இல்ல, மாமா."

"எப்படி நல்லா இல்ல?"

"கருகல் வாசனை. காரம் வேற தாங்கல."

"அவ்வளவுதானா? இதுக்கு மேல உங்களுக்குத் திட்ட வராதா?"

"வராது. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பொறுப்பாளர் எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. நேத்து சொன்னாங்க."

"அந்தாளு ஒரு முட்டாள்."

"இருக்கட்டும். அவர் கையில பேச்சை எடுத்துக் குடுத்தது நீங்கதான்."

புரூஃப்காரர் வாயைத் திறந்தார். எத்தனையோ வாக்கியங்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றன. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு சால்ஜாப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார்.

"ஆமா. நான்தான்" என்றார்.

மாப்பிள்ளை எழுந்து கருகினதைச் சிங்க்கில் கொட்டிவிட்டு, கூடையிலிருந்து நாலு உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவ உட்கார்ந்தார். புரூஃப்காரர் கருகின பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். அதுவும் ஒழுங்காக வரவில்லை. கம்பி நார் புண்பட்ட விரலில் குத்தியது.

உருளைக்கிழங்கு சூப் கெட்டியாக, வெள்ளையாக, ஆவி பறக்க வந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். பாதிக் கிண்ணம்வரை புரூஃப்காரர் தாக்குப் பிடித்தார்.

"போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி இருக்கு, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. என்ன குறை என்றும் கேட்கவில்லை. "பிடிக்கலேன்னா அங்க ரொட்டி இருக்கு, மாமா" என்று சொல்லிவிட்டுத் தன் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

புரூஃப்காரர் ரொட்டிப் பக்கம் திரும்பவில்லை. மேசை மேல் எட்டி, கரண்டியை எடுத்து, தானே இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டார்.