நடைமேடையின் விளிம்பு

என் இரு கண்களிலும் நடுப்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இனி மீட்க முடியாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். வரைபட வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டு அறையில் ஒதுங்கிய நான், இளமையில் மூட்டை கட்டி வைத்த பொம்மை ரயிலை வெளியே எடுத்தேன். பார்வை போவதற்குள் அது ஒரு சுற்றாவது ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும்.

மேசை சிறியது. அதனால் தண்டவாளத்தை மிகவும் வளைக்க வேண்டியிருந்தது. வளைவில் திரும்பும்போதெல்லாம் நீளமான பெட்டியின் நடுப்பகுதி, பொம்மைப் பயணிகள் நின்ற நடைமேடையில் இடித்து, ரயில் தடம்புரண்டது.

"மேடையைக் கொஞ்சம் செதுக்கேன்டா," என்றாள் அக்கா.

"செதுக்கினா இடைவெளி அகலமாயிடும்க்கா. நிஜ ஸ்டேஷன்னா ஆளே உள்ள விழுந்துடுவான்."

"உன் ஆளுங்க காலைப் பசை போட்டு ஒட்டினதே நீதானே? எவன்டா விழப்போறான்?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அளவு பிசகாமல் வரைந்தே வயிறு வளர்த்தவன் நான். மேடையை உற்றுப் பார்த்தேன். நேற்றுவரை தெரிந்த சிவப்புச் சட்டைக்காரன் இன்று வெறும் சாம்பல் கறையாக நின்றான்.

"கத்தியை எடுக்கா."

அவளே விளிம்பை வெட்டினாள். நான் விரலால் தடவிப் பார்த்து, போதும் என்றேன்.

ரயில் மேடையைத் தொடாமல் வளைந்து போனது. நேராகப் பார்த்தால் அது மறைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஓரக்கண்ணில் வந்தது. அப்படியே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"நிறுத்தட்டுமாடா?"

"வேணாம்க்கா. ஓடட்டும்."