ரோமர் காலத்துக் குடிசைகள்

மெர்டேக்காவுக்கு, மலாயாவின் சுதந்திர நாளுக்கு, சில வாரங்களே இருந்தன. மலாக்காவின் காஜா பெராங்கில் கொடியும் தோரணமும்தான் பேச்சு. தெய்வானைக்கு மட்டும் எதிலும் மனம் ஒட்டவில்லை.

இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்து, பெண்கள் பள்ளியொன்றில் சரித்திரம் நடத்தினாள். பள்ளிக் கண்காட்சியில் ரோமர் ஆண்ட பிரிட்டன் அவள் பொறுப்பு. தலைமையாசிரியை மிஸ் ஹாரிஸ் மாளிகைக்கும் குளியல் மண்டபத்துக்கும் சிறு மாதிரிகள் கேட்டிருந்தார். தெய்வானை அவற்றைச் செய்தாள். பக்கத்திலேயே வட்டமான கல்சுவர்க் குடிசைகளையும் வைத்தாள். அத்தாப்பு ஓலைக் கூரை, மாட்டுக்கொட்டில், மாவரைக்கும் கல். பயிற்சிக் கால விடுமுறையில், வடக்கே ஒரு மேட்டில் அப்படியொரு கிராமத்தைத் தோண்டியவர்களோடு அவளும் மண் அள்ளியிருந்தாள்.

மிஸ் ஹாரிஸின் முகம் சிவந்தது. "நாங்கள் புறப்படும் நேரத்தில், எங்கள் முன்னோர் குடிசையில் கிடந்தார்கள் என்றா காட்டுவது? எடுத்துவிடுங்கள்."

"மாளிகையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர், மிஸ். மற்றவர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள்."

"எடுத்துவிடுங்கள்."

தெய்வானை குடிசைகளைப் பலகையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா அன்னபூரணி பதறினாள். "வேலை போயிடும்டி! போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா."

"என்னா தப்புக்கும்மா?"

தெய்வானையால் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பிறகு மேசையை வெளியே இழுத்துப்போட்டு, குடிசைகளை அதன்மேல் வைத்தாள்.

பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிப் பெண் பத்மினி எட்டிப் பார்த்தாள். "இனி கம்போங் மானா, சிக்கு?" இது எந்தக் கம்பம், எந்த ஊர்க் கிராமம், டீச்சர் என்று மலாயில் கேட்டாள்.

"இங்கிலாந்து."

வெள்ளைக்காரனுக்கும் கம்பமா என்று பத்மினி சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது.

மறுநாள் மாலை மிஸ் ஹாரிஸ் மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் வந்து இறங்கினார். கூட்டம் விலகியது. அன்னபூரணி உள்ளே போய்விட்டாள்.

"எங்கே தோண்டினீர்கள்?"

தெய்வானை இடத்தைச் சொன்னாள்.

"என் அம்மா பிறந்தது அந்தப் பக்கம்தான்." மிஸ் ஹாரிஸ் குனிந்தார். "வாசல்கள் ஏன் எல்லாமே கிழக்கே?"

"காலை வெளிச்சத்துக்காக இருக்கலாம். நிச்சயமாகத் தெரியாது, மிஸ்."

வெகுநேரம் பார்த்தார். "பள்ளி மண்டபத்தில் இதை வைக்க முடியாது."

"வேண்டாம். இங்கேயே இருக்கட்டும்."

அவர் போய்விட்டார். மழை இறங்கியது. பத்மினி மேசையின் மறுமுனையைப் பிடிக்க, இருவருமாக உள்ளே தூக்கிப் போனார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் ரோமர் பாடத்தைக் குடிசையிலிருந்தே தொடங்கினாள். மிஸ் ஹாரிஸ் தாழ்வாரத்தில் வந்தார். தெய்வானை அவரைக் கண்டாள். ஆனால் நிறுத்தவில்லை. மிஸ் ஹாரிஸும் நிற்காமல் நடந்துபோனார்.