எட்டாவது குழாயில் இருந்தவள்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. ஒரே பக்கம், இரண்டு கட்டங்கள்: 'பாதுகாக்கலாம்', 'அழித்துவிடலாம்'. மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவன் நான்தான். ஆனால் 'நான்' என்று எழுதினால் வாக்கியம் முடிவதற்குள் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே 'கணவர்' என்று வைத்துக்கொள்வோம். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர்.

முதல் தொடக்கம்: 'மக்களின் மரபணுக்களை முப்பது ஆண்டுகள் அயராது ஆராய்ந்த அவருடைய மனைவி...'

(அடித்துவிட்டேன். 'அயராது' பொய். தினமும் மதியம் ஆய்வக நாற்காலியிலேயே அரைமணி நேரம் தூங்குவாள்.)

2

அவள் கேள்வி எளியது. ஒரு வைரஸ் ஏறக்குறைய எல்லோர் தொண்டையிலும் வாடகை தராமல் குடியிருக்கிறது. சில குடும்பங்களில் மட்டும் அது ஏன் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது? விடையைத் தேடி வீடு வீடாகப் போய், சிரித்த முகத்தோடு எச்சில் கேட்டு வாங்கி, ஆய்வகக் குழாய்களில் நிரப்பினாள்.

ஒருமுறை, தீவுக் குடும்பம் ஒன்றின் எட்டாவது குழாயில், அந்த மக்களிடம் அதுவரை காணாத மரபணு வரிசை கிடைத்தது. ஆய்வகமே கேக் வெட்டியது. கட்டுரை எழுதி, கணவரிடம் மெய்ப்புக்குக் கொடுத்தாள். அவர் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தினார்.

மறுநாள் சக ஆய்வாளர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, ஒரு சந்தேகத்துல நம்ம எல்லாரோட எச்சிலையும் ஒப்பிட்டுப் பாத்தேன். எட்டாவது குழாய்ல இருக்கறது..."

"யாரு? சொல்லித் தொலைடி."

"நீங்கதான்."

முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, திறந்த குழாய்களுக்கு மேலே குனிந்து, ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து மூச்சு முட்டச் சிரித்தாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேன்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க. இப்ப ஆதாரமே கிடைச்சிருச்சு!"

"நான்கூடப் படிச்சேனே, கண்டுபிடிக்கலையே."

"இருபது வருஷமா கூடவே இருக்கீங்க. பொண்டாட்டியை அடையாளம் தெரியலையா?"

3

அன்றிலிருந்து ஒரு விதி. எந்தக் குழாயையும் முதலில் அவளுடைய வரிசையோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் கழித்துவிட வேண்டும். அதற்கு 'வாயாடிச் சோதனை' என்று அவளே பெயர் வைத்தாள். அந்தச் சல்லடை வழியாகத்தான் நோய் வரக்கூடிய குடும்பங்களைப் பிரித்தறிந்தார்கள். அவர்களில் சிலருக்கு நோயை முளையிலேயே பிடித்துவிட்டார்கள்.

(கதைக்கு வசதியாக அவள் அந்த நோயிலேயே இறந்திருக்கலாம். இல்லை. இதயம். ஒரு ஞாயிறு காலை, "இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். மெய்ப்புத் தொழிலில் முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியத்தை விட்டுவைப்பதில்லை. அதை மட்டும் கணவர் விட்டுவைத்திருக்கிறார்.)

இறந்தவரின் மரபணு வரிசையை ஒப்பீட்டுக்காக வைத்திருக்கக் குடும்பத்தின் ஒப்புதல் வேண்டுமாம்; அதற்குத்தான் அந்தப் படிவம். சக ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"நீங்க அழிக்கச் சொன்னாலும் யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம் சார்."

"இன்னும் தேவைப்படுதாம்மா?"

"அக்கா கைப்பட நிரப்பின குழாய் உறைபெட்டியில நிறைய இருக்கே. போன வாரம்கூட ஒண்ணுல வந்துட்டாங்க. 'வாங்கக்கா'ன்னு சொல்லிட்டுத்தான் கழிச்சோம்."

4

முடிவு ஒன்று: பாதுகாக்கலாம். அவளைத் தேடித் தேடிப் பிடித்து வெளியே அனுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் 'வாங்கக்கா', பிறகு குப்பைக்கூடை.

முடிவு இரண்டு: அழித்துவிடலாம். பழைய குழாய்களில் அவள் யார் கண்ணிலும் படாமல், யாரோ ஒரு தீவுக்காரியாக, நிம்மதியாக இருப்பாள். கணவருக்கு இதுதான் ஆசை. (ஆனால் ஏதோ ஒரு குடும்பத்தின் சோதனை முடிவு அவளால் தவறிப்போகும். என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.)

'என்னை' என்று எழுதிவிட்டேன், பாருங்கள். மெய்ப்பில் தப்பிவிட்டது. இருக்கட்டும்.

எனக்கு எது சரி என்று தெரியும். அந்தக் கட்டத்தில் புள்ளி வைக்கத்தான் கை வரவில்லை. படிவத்தை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன்; பேனா திறந்தே இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: மூன்று வாரமாக அந்தத் தாளுக்கு மேலே குனிந்து, அவளிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இதை எழுதினேன். சோதித்துப் பார்த்தால் அதில் நான் இருப்பேன்.