மகளுக்குக் கட்டிய பொட்டலம்

பதினான்கு வயது தர்ஷினியின் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. கண்டதையும் தின்றதால் வந்தது என்றார் டாக்டர். அவள் அப்பா மொக்கைச்சாமி வட்டக்கானல் சுற்றுலா விடுதியில் சமையல்காரன். அன்று வேலை முடிந்து, கையில் பொட்டலத்தோடு நேராக வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பெட்டிக்கடைக்குப் போனான். கண்ணாடி சோடா பாட்டிலை எடுத்துக் கடைக்காரர் தங்கப்பாண்டியின் மண்டையில் ஓங்கி அடித்தான். சிப்ஸ் பாக்கெட்டுகளின் மேல் ரத்தம் கொட்டியது.

“எம்புள்ளைக்கு வெசத்தையாடா வித்தே?” என்று ஒற்றைக் கையால் அவர் கழுத்தை நெரித்தான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த தர்ஷினி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுங்கப்பா! இந்தக் கடையில நான் ஒண்ணுமே வாங்குனதில்ல. டூரிஸ்டுக மிச்சம் வச்சதுன்னு தெனமும் நீங்க கொண்டாந்ததத்தான் தின்னேன்.”

பிடி தளர்ந்தது. மறுகைப் பொட்டலத்தில், அவளுக்காகச் சூடுபண்ணிக் கட்டிய சீஸ் ஃப்ரைஸ் இன்னும் ஆறவில்லை.