சந்தனத்துக்கு அடியில் நீலம்

பன்னிரண்டு வருஷம் வெயிலில் நின்று என் நீலக் கார் சாம்பல் பூத்துவிட்டது. புதுசாகப் பெயிண்ட் அடிக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஓட்டிப் போனேன். பக்கத்தில் என் மனைவி மாரிக்கனி. வழிநெடுக அவளைத்தான் ஏசினேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் பானெட்டில் சந்தனத்தை அப்புவாள். பழையதைத் துடைக்கவும் விடமாட்டாள். அதன் மேலேயே அடுத்ததை வைப்பாள்.

"ஏட்டி, பெயிண்டை அரிச்சதே உன் சந்தனந்தான்!"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெயிண்டர் சங்கரராஜ் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். தேய்க்க ஆரம்பிக்கும் முன்னால், காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் எடுத்தார். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு, ஷோரூமில் பார்த்த அதே நீலம் பளபளவென்று இருந்தது.

"வண்டியில வெயில் தொடாத எடம் இதுதான் சார்" என்றார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது நான்.

பத்து நாளில் கார் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது. வெள்ளிக்கிழமை காலை, வழக்கமான சின்னக் கிண்ணத்தோடு வருவாள் என்று வாசலில் காத்திருந்தேன். மாரிக்கனி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இந்தத் தடவை டாப்புக்கும் சேர்த்தே அரைச்சிருக்கேன்."