அப்பா அறைக் கேமரா

அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்ததும் அண்ணனுக்குக் கரிசனம் பொங்கி வழிந்தது. ஆள் வரவில்லை, கேமரா அனுப்பினான். எங்கிருந்தாலும் பார்க்கலாம், அதன் வழியே பேசவும் பேசலாம். அதோடு விட்டானா? "எல்லாரும் அப்பாவப் பாத்துக்கலாம்" என்று பாஸ்வேர்டைத் தூக்கிக் குடும்பக் குரூப்பில் போட்டான். அத்தை, சித்தப்பா, சம்பந்தி வீட்டு மச்சான் என்று அந்தக் குரூப்பில் இல்லாத ஆள் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் கூடவே இருந்து அப்பாவைக் கவனிக்கும் தங்கையைத்தான் குறை சொன்னார்கள்: போர்வை விலகியிருக்கிறதாம், ஜன்னல் திறந்திருக்கிறதாம். ஒருத்தராவது வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கு நடுவே அத்தனையையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

அன்று வேலை முடிந்து வந்தவளிடம், காது மந்தமான அப்பா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"பெரியவன் இன்னைக்கும் கேமராவில பேசினான்மா. தினமும் மத்தியானம் சாப்பிட்டீங்களாப்பான்னு கேக்கறான். வாசக் கதவுப் பூட்டு நம்பர் மறந்துபோச்சாம். சொன்னேன்."

வீட்டுக்கே வராதவனுக்குக் கதவு எண் எதற்கு? சமையலறைக்குப் போய் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"நானா? கேமராவத் திறந்தே ரெண்டு மாசமாச்சு. ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை."

"அப்போ தினமும் பேசறது யாரு?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, பாஸ்வேர்ட மாத்திட்டு, புதுச குரூப்ல போட்டுடு" என்றான்.

வெட்கம் கெட்டவன்! போனை விட்டெறியத் தோன்றியது. முதலில் கதவு எண்ணை மாற்றினாள். பிறகு அப்பா அறைக்குப் போய்க் கேமரா வயரைப் பிடுங்கினாள்.

அப்பாவின் முகம் கறுத்தது. "ஏன் பிடுங்கற? அவன் எங்கிட்ட பேசறது உனக்குப் பொறுக்கலையா?"

மருந்து கொடுப்பவள் அவள், முதுகு துடைப்பவள் அவள், மலம் அள்ளுபவள் அவள். அவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. பேசியவன் எவனோ திருட்டுப் பயல் என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால், பெற்ற பிள்ளை இரண்டு மாதமாக ஒரு நாளும் பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விழுங்கிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்து மறுபடி அண்ணனுக்குப் போன் போட்டாள். 

"நாளையிலிருந்து மத்தியானம் நீ அப்பாவுக்குப் போன் பண்ற. சாப்பிட்டீங்களாப்பான்னு கேக்கற. அந்தத் திருட்டுப் பய கேட்ட மாதிரியே கேக்கணும், புரியுதா? அவன் ஒரு நாள்கூட மறக்கல."